பிஸ்டன் ஏன் பிடித்தது?

டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் காலம் முடிந்துவிட்டது என்று நகரத்தில் சொல்வார்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் வந்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. தஞ்சாவூர்–பட்டுக்கோட்டை சாலையில் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்றும் பார்க்கலாம். உர மூட்டையும் புல்லுக்கட்டுமாகப் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் போகும். வயலுக்குள் இறங்கினால் முதுகில் மாட்டி மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனபோது, விழுந்து கிடந்த மரங்களை நாள் முழுக்க அறுத்துத் தள்ளிய மெஷின்களுக்கு உள்ளேயும் இதே இன்ஜின்தான்.

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-ல் வந்தது, 1996-ல் உற்பத்தி நின்றது. எக்ஸ்எல்லுக்கு 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் வடிவம் வந்துவிட்டது. ஆகவே இப்போது கைமாறும் டூ ஸ்ட்ரோக் வண்டி எதுவாக இருந்தாலும் அது பழசு. இரண்டு மூன்று பேர் ஓட்டியது. ஒரு தடவையாவது இன்ஜினைப் பிரித்தது. அதை வாங்குகிறவர் முன்னால் நிற்கும் பெரிய செலவு, பிஸ்டன்.

வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது இழுவை குறைகிறது, பின்சக்கரம் திடீரென்று இறுகுகிறது, இன்ஜின் நின்றுவிடுகிறது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். "பிஸ்டன் புடிச்சிருச்சு தம்பி, போர் பண்ணி கிட் போட்டுடலாம்" என்று பதில் வருகிறது. பிளாக் லேத்துக்குப் போகிறது. சிலிண்டரை 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிதாகக் குடைந்து (அதுதான் போர்), அந்த ஓவர்சைஸில் புது பிஸ்டன், புது ரிங். வண்டி புதிதுபோல் ஓடுகிறது. சில மாதத்தில் அதே சாலையில் அதே மாதிரி நிற்கிறது. பழைய பிஸ்டனோ எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது.

பிஸ்டன் தானாகச் சாவதில்லை. காற்று, பெட்ரோல், ஆயில், தீப்பொறி, தூசு இவற்றில் ஏதோ ஒன்று முறை தவறியதால்தான் அது சாகிறது. எது தவறியது என்பதை அந்தப் பிஸ்டனே தன் உடம்பில் எழுதி வைத்திருக்கும். அதைப் படிக்காமல் புது கிட் போடுவது, காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டு விளைவை மட்டும் மாற்றுவது.

படிப்பதற்கு முன்னால் இந்த இன்ஜின் எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெரிய வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் வால்வுகள் உண்டு; கீழே தனியாக ஆயில் தேங்கி நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தனி ஏற்பாடு கிடையாது. 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே உருவாக்கிய எளிய வடிவம்தான் இன்றுவரை தொடர்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது அதற்குக் கீழே கிராங்க் கேஸில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் ஆயிலும் சேர்ந்த கலவையை உறிஞ்சும். கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கத் துளைகள் வழியாக மேலே ஏறிவிடும். அதே நேரத்தில் சைலன்சர் பக்கத் துளை திறந்து புகை வெளியேறும். ஆக, பிஸ்டன் இங்கே வெடிப்பின் அடியைத் தாங்கும் தட்டு மட்டுமல்ல. துளைகளை மூடித் திறக்கும் கதவும் அதுவே, கலவையை இறைக்கும் பம்பும் அதுவே. மசகுக்கு அதற்குக் கிடைப்பது கலவையோடு மிதந்து வரும் ஆயில் துளிகள் மட்டும்.

ஆர்எக்ஸ் 100-ன் சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரமும் 50 மி.மீ. நிமிடத்துக்கு 7500 சுற்றில் அது தன் முழுத் திறனான 11 குதிரைத் திறனைக் கொடுக்கிறது. நொடிக்கு 125 சுற்று. டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு 125 வெடிப்பு. பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 12.5 மீட்டர். தலைக்கு மேல் எரியும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியக் கலவையோ 600 டிகிரியை எட்டும் முன்பே இளகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் அதைக் காப்பாற்றுவது மூன்று விஷயங்கள்: உள்ளே வரும் பெட்ரோல் ஆவியாகும்போது தரும் குளிர்ச்சி, ரிங் வழியாகச் சிலிண்டர் சுவருக்கு இறங்கும் வெப்பம், மெல்லிய ஆயில் படலம். மூன்றில் ஒன்று விலகினாலும் அடுத்து நடப்பது நொடிக்கணக்கில் முடிந்துவிடும்.

காரணம், விரிவு. 50 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறக்குறைய 0.1 மி.மீ. பெருக்கும். அதைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பு ஸ்லீவ் அதே வெப்பத்துக்கு அதில் பாதிதான் பெருக்கும். இரண்டுக்கும் நடுவில் லேத்துக்காரர் விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று நான்கு பங்கு. நம் தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. பிஸ்டன் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறினால் அந்த இடைவெளி மறைந்து, அலுமினியம் இரும்பில் உரசி, உருகி, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் சீஸ் என்பதும் ஜாம் என்பதும் இதைத்தான்.

இனி வண்டி வாங்கப் போகிறவருக்கு. விற்பவர் வீட்டுக்குப் போகும் முன், இன்ஜினைச் சூடு பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். கை வைத்துப் பார்த்து ஆறிய இன்ஜினை நீங்களே உதையுங்கள். தேய்ந்த பிஸ்டன் ஆறியிருக்கும்போதுதான் சுவரில் அடித்து 'டக் டக்' என்று பேசும். சூடேறி விரிந்தபின் ஓரளவு அடங்கிவிடும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால் ஒரு இடத்தில் எதிர்த்து நிற்க வேண்டும். எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ரிங் பிடிக்கவில்லை. அசையவே இல்லையென்றால் கியரில் போட்டுத் தள்ளியோ ஏறி மிதித்தோ விடுவிக்கப் பார்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் அலுமினியம் சுவரைக் கீறிக்கொண்டு வரும். அதோடு நாம் பார்க்க வேண்டிய தடயமும் அழிந்துவிடும்.

அடுத்தது கம்ப்ரஷன் கேஜ். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் கேஜை மாட்டி, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, முள் மேலே ஏறுவது நிற்கும்வரை உதைக்க வேண்டும். ஆக்சிலேட்டரைத் திறக்காமல் உதைத்தால் காற்று உள்ளே போகாது. நல்ல இன்ஜினும் நோயாளிபோல் தெரியும். 100 சிசி டூ ஸ்ட்ரோக்கில் 100 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் ரிங்குகள் பிழைக்கின்றன என்று கொள்ளலாம். 80-க்குக் கீழே போனால் மேல்பாதி (பிஸ்டன், ரிங், போர்) வேலைக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டுதான் விலை பேச வேண்டும். சிறிய இன்ஜினில் கேஜின் குழாய்க்குள் இருக்கும் இடமே அளவைக் குறைத்துக் காட்டும் என்பதால், எப்போதும் ஒரே கேஜில் அளந்து ஒப்பிடுவது நல்லது.

பலரும் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கேஜ் நல்ல எண் காட்டினால் பிஸ்டன் நல்லது என்று முடிவு செய்கிறார்கள். அது சரியில்லை. ஒரு முறை லேசாகப் பிடித்து விடுபட்ட பிஸ்டனின் பக்கச் சுவர் கிழிந்திருக்கும். மேலே ரிங் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும். கேஜுக்குத் தெரிவது ரிங் மட்டும்தான். ஆகவே சைலன்சரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இரண்டு நட்டு, ஒரு போல்ட், ஐந்து நிமிட வேலை. டார்ச் அடித்து, கிக்கரைக் கையால் மெல்ல இறக்கினால், பிஸ்டனின் சூடான பக்கம் முழுவதும் அந்தத் துளை வழியாகக் கண்முன் ஏறி இறங்கும். பளபளப்பாகவோ மெல்லிய சாம்பல் நிறத்திலோ இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தால் ஏற்கெனவே பிடித்த பிஸ்டன். ரிங்கை ஒரு மூங்கில் குச்சியால் மெல்ல அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப வந்தால் அது உயிரோடு இருக்கிறது. அசையாவிட்டால் கரி பிடித்துப் பள்ளத்தில் இறுகிவிட்டது. இந்த ஒரு பார்வையை மறுக்கிற விற்பனையாளரிடம் வண்டி வாங்குவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையைக் கணிக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் நன்றாகவே இருக்கிறது: வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, கறுத்து ஈரமாக இருந்தால் அதிகம், காப்பிப் பொடி நிறம் சரி. அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. வெள்ளைப் பீங்கான் மேல் மிளகை உடைத்த பொடிபோல் நுண்ணிய வெள்ளிப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். இருந்தால் அது பிஸ்டனிலிருந்து உருகித் தெறித்த அலுமினியம். அந்த வண்டியை மேலும் ஓட்டிப் பார்க்கவே கூடாது.

இத்தனைக்கும் மேலே, நம் ஊர்ப் பட்டறைகளில் நான் மிகவும் ஆசைப்படும் சோதனை ஒன்று இருக்கிறது. கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் துளையையும் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ அளவுக்கு மட்டும் காற்றை ஏற்ற வேண்டும். பிஸ்டன் கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் காற்று கிராங்க் கேஸ் வரை போகும். நல்ல இன்ஜின் அந்த அழுத்தத்தைச் சில நிமிடம் பிடித்து வைத்திருக்கும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் எங்கோ ஓட்டை. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்: பிளாக்கின் அடிப் பேக்கிங், கார்புரேட்டரைத் தாங்கும் வெடித்த ரப்பர், மேக்னெட் பக்கத்து ஆயில் சீல். அந்த ஓட்டை வழியாக, கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதற்குரிய பெட்ரோலும் இல்லை, ஆயிலும் இல்லை. கிளட்ச் பக்கத்து சீல் கிழிந்திருந்தால் கதை வேறு: கியர் ஆயிலை உறிஞ்சி வண்டி வெள்ளைப் புகை விடும், கியர் ஆயில் மட்டம் மாதாமாதம் குறையும். சீலின் விலை ஒரு கிட் விலையில் சிறு பங்குதான். அதைப் பார்க்காமல் கிட் மேல் கிட்டாகப் போட்ட வண்டிகள் எத்தனையோ.

இப்போது பிளாக்கைக் கழற்றிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். துணியால் துடைக்காதீர்கள், பெட்ரோலில் கழுவாதீர்கள். முதலில் அப்படியே வெயிலில் பிடித்துப் பாருங்கள், கைப்பேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

சைலன்சர் பக்கம் மட்டும், நடுப்பகுதியில் கிழிந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் குறைவு. அந்தப் பக்கம்தான் ஏற்கெனவே மிகச் சூடானது. கலவையில் காற்று கூடினால் அங்கேதான் முதலில் தாங்காது. பிஸ்டனைக் கவிழ்த்துத் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஆயில் கருகிக் கன்னங்கரேலென்று படிந்திருந்தால், வெகு நாளாகவே அது அளவுக்கு மீறிச் சூடேறி வந்திருக்கிறது. அடைத்த ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை), வெடித்த ரப்பர், சீல், டேங்கிலிருந்து பெட்ரோல் சரியாக இறங்காதது இவற்றில் ஒன்று இருக்கும்.

சுற்றிலும், குளிர்ந்த கார்புரேட்டர் பக்கத்திலும்கூடக் கிழிந்திருந்தால் ஆயில் வரவில்லை. ஆர்எக்ஸ் 100-ல் ஆயிலுக்கு யமஹாவின் ஆட்டோலூப் பம்ப் தனியாக உண்டு. ஆக்சிலேட்டர் முறுக்குக்கு ஏற்ப ஒரு கேபிள் அதன் அளவைக் கூட்டும். கேபிள் தளர்ந்தால் வேகமாக ஓட்டும்போதுதான் ஆயில் குறையும், மெதுவாக ஓட்டும்போது எதுவும் தெரியாது. ஆயில் டேங்க் ஒரு முறை காலியாகி மறுபடி நிரப்பியிருந்தால் குழாயில் காற்றுக் குமிழி நின்றுகொண்டு ஆயிலை மறிக்கும்; அதை வெளியேற்றாமல் ஓட்டினால் சில கிலோமீட்டரில் முடிந்துவிடும். ஆயில் இல்லாமல் செத்த பிஸ்டனோடு கனெக்டிங் ராடின் பிக் எண்டும் (கிராங்கோடு சேரும் கீழ்முனை) நீலம் பாரித்திருக்கும். அப்போது மேல்பாதி மட்டும் மாற்றினால் போதாது.

நான்கு மூலையில், சமமான தூரத்தில் நான்கு கோடு விழுந்திருந்தால் அது வேறு வகை. உறைந்து கிடந்த இன்ஜினை உதைத்த உடனே முழு வேகத்தில் முறுக்கினால் பிஸ்டன் விரிந்துவிடும், சிலிண்டர் இன்னும் விரியாது. பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல்களில் இது பெயர்போன நோய். குளிர்நாட்டுப் பட்டறைகள் இந்த நான்கு கோட்டைப் பார்த்துப் பழகியிருக்கின்றன. நம் நாட்டில் குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளும், சியாச்சினில் ராணுவம் ஓட்டும் ஸ்னோ ஸ்கூட்டர்களும் அதே குடும்பம். உறைபனி இல்லாத ஒரத்தநாட்டில் இந்தக் கோடு விழுந்தால் காரணம் பெரும்பாலும் லேத்தில்: போர் செய்தவர் இடைவெளியை இறுக்கமாக விட்டிருக்கிறார், அல்லது புது கிட்டைப் பழக்காமல் முதல் நாளே பட்டுக்கோட்டை வரை விரட்டியிருக்கிறார்கள்.

பக்கங்கள் சுத்தமாக இருந்து தலை மட்டும் கெட்டிருந்தால் தீயைச் சந்தேகிக்க வேண்டும். தலையின் ஓரம் எலி கொறித்ததுபோல் அரிக்கப்பட்டு, ரிங் பள்ளத்தின் விளிம்பு உடைந்திருந்தால் நாக்கிங்: கலவை தீப்பொறிக்குப் பின் சீராக எரியாமல் ஒரு மூலையில் திடீரென்று வெடிக்கிறது. ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டியது, டைமிங் முந்தியிருப்பது, மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் இவை காரணமாகலாம். தலையின் நடுவில் உருகி ஓட்டை விழுந்திருந்தால், தீப்பொறி வரும் முன்பே ஏதோ ஒரு சூடான புள்ளி கலவையைப் பற்றவைத்திருக்கிறது. தவறான வெப்ப எண் கொண்ட பிளக்கும், கனன்றுகொண்டே இருக்கும் கரித் துண்டும் அப்படிச் செய்யும்.

கார்புரேட்டர் பக்கச் சுவர் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில், பளபளப்பே இல்லாமல், தொட்டால் மெலிந்து போயிருந்தால் அது தூசு. காவிரி டெல்டாவில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் வயலில் இறங்கும்போது எழும் வைக்கோல் தூசும் வரப்பு மண்ணும் காற்றில் நிற்கும். மண்ணில் உள்ள சிலிக்கா அலுமினியத்தையும் வார்ப்பிரும்பையும்விடக் கடினமானது. சத்தம் கெத்தாக வர வேண்டும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் இளைஞர்களின் வண்டியில் இந்தச் சாம்பல் நிறம் நிச்சயம். ஃபில்டர் இல்லாவிட்டால் காற்றும் கூடுதலாகப் போகும், கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் பங்கு குறையும். ஒரே செயலில் இரண்டு கேடு.

இன்னும் சில அடையாளங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். பிஸ்டன் பின்னின் இரு முனைக்கு நேரே சுவரில் ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் பின் லாக் கழன்றிருக்கிறது. ஒரு முறை கழற்றிய லாக்கைத் திரும்பப் போட்டதன் பலன். ரிங் முனை உடைந்திருந்தால் போர் செய்த பின் துளைகளின் கூர் விளிம்பை மழுக்காமல் விட்டிருக்கலாம், அல்லது ரிங் திரும்பாமல் பிடிக்கும் சிறு முளை தளர்ந்திருக்கலாம். உடைந்தது எதுவானாலும் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு துண்டு குறைந்தால் அது கிராங்க் கேஸுக்குள் இருக்கிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது; பிரித்துக் கழுவுவது தவிர வழியில்லை. அந்தத் துண்டோடு புது பிஸ்டனை ஏற்றினால் பேரிங் முதலில் போகும், பிஸ்டன் பின்னாலேயே போகும்.

நம் பகுதிக்கே உரிய காரணங்கள் சிலவற்றை நான் பெரிதாக நினைக்கிறேன். மருந்தடிக்கும் மெஷின் ஆண்டு முழுதும் ஓடுவதில்லை. மேட்டூர் அணை திறந்து குறுவை நட்டபின் சில வாரம், சம்பாவில் சில வாரம். நடுவில் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும், டேங்கில் மிச்சப் பெட்ரோலோடு. பெட்ரோலின் லேசான பகுதி ஆவியாகிவிட, மீதி பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட்டில் படியும். அடுத்த பருவத்தில் மெஷின் கிளம்பும், ஓடும். ஆனால் ஜெட்டின் துளை சுருங்கியதால் பெட்ரோலும் அதோடு கலந்த ஆயிலும் சேர்ந்தே குறைந்திருக்கும். வேலை முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிட்டு அணைத்தால் இது வராது. மரம் அறுக்கும் மெஷினுக்கும் இதே மருந்து.

பெட்ரோலே மாறியிருக்கிறது. 2023-லிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக நம் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. ஒரு பங்கு சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். கலப்பில் அது ஏறக்குறைய 13.5 ஆகிறது. புதிய வண்டியின் சென்சார் இதைக் கண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். பழைய கார்புரேட்டருக்குத் தெரிந்தது ஜெட்டின் துளை அளவு மட்டும். அது பழைய கணக்கிலேயே ஊற்றும், கலவை சில சதவீதம் லீனாகும். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய ரப்பரையும் சீலையும் இளக்கும் அல்லது வெடிக்க வைக்கும். எண்பதுகளில் செய்த வண்டிக்கு மேல்பாதி வேலை பார்க்கும்போது சீலும் ரப்பரும் சேர்த்து மாற்றுவதும், மெயின் ஜெட்டை ஒரு எண் கூட்டிப் பார்ப்பதும் இப்போது அவசியம் என்றே சொல்வேன்.

பருவமும் கணக்கில் வரும். சித்திரை மதியம் 38 டிகிரியில் இருக்கும் காற்றைவிட மார்கழி விடியலில் 21 டிகிரியில் இருக்கும் காற்று ஏறக்குறைய 6 சதவீதம் அடர்த்தி கூடியது. கோடையில் மைலேஜுக்காக விளிம்பில் செட் செய்த கார்புரேட்டர் பனிக்காலத்தில் அந்த விளிம்பைத் தாண்டிவிடும். வெயில் காலத்தில் பிழைத்த வண்டி மார்கழி அதிகாலையில் பிடித்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ஆயிலைக் கூட்டினால் பாதுகாப்பு என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் வண்டியில், ஜெட்டின் துளை வழியே போவது பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த கலவை. 100-க்கு 2 பங்கு ஆயில் என்பதை 5 ஆக்கினால் அதே துளையில் போகும் பெட்ரோல் 3 பங்கு குறைகிறது. மசகு கூடும், கலவை லீனாகும். கம்பெனி சொன்ன அளவில், நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றுவதே சரி. கியர் ஆயிலையோ நான்கு ஸ்ட்ரோக் ஆயிலையோ பெட்ரோலில் ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவை எரிந்தால் சாம்பல் மிஞ்சும்; ரிங் பள்ளத்தில் இறுகும் கரி அப்படி வருவதுதான்.

காரணம் பிடிபட்டபின் அளவெடுக்க வேண்டும். விலை உயர்ந்த போர் கேஜ் இல்லாவிட்டாலும் ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். ரிங்கைச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில் மட்டமாக வைத்து அதன் முனை இடைவெளியை அளங்கள். பிறகு மேலே, அதிகம் தேயும் இடத்தில் வைத்து அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் சிலிண்டர் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது கிடைத்துவிடும். வித்தியாசம் 0.31 மி.மீ. என்றால் தேய்மானம் 0.1 மி.மீ. அவ்வளவு தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போடுவது வீண். போர் செய்தே ஆக வேண்டும். தேய்மானம் அதில் ஒரு சிறு பங்காக இருந்து, கீறலும் நகத்தில் தட்டுப்படவில்லையென்றால், ஹோனிங் செய்து அதே அளவு கிட் போடலாம். ஒவ்வொரு போரும் ஸ்லீவின் ஆயுளில் ஒரு பங்கைச் சாப்பிடுகிறது. நான்கு ஓவர்சைஸோடு அந்த ஸ்லீவ் முடிகிறது என்பதால், தேவையில்லாத போர் ஒன்றைத் தவிர்ப்பதும் வண்டிக்குச் செய்யும் நன்மை.

புது பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் பிளாக் லேத்துக்குப் போக வேண்டும். பெட்டியில் போட்ட அளவை நம்பாமல் அந்தப் பிஸ்டனையே மைக்ரோமீட்டரில் அளந்து அதற்கேற்பப் போர் செய்யச் சொல்லுங்கள். துளை விளிம்புகளை மழுக்கியிருக்கிறாரா என்று விரலால் தடவிப் பாருங்கள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு, மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. பூட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். சென்னையில் 1949-ல் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கியதிலிருந்து நல்ல பிஸ்டன் வார்க்கும் திறமை தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தத் தரமான சரக்கு கடையில் கிடைக்கும்போது, பெயரில்லாத பெட்டியில் பாதி விலைக்கு வருவதை வாங்கக் கூடாது. பிஸ்டன் கலவையில் சிலிக்கான் குறைந்தால் விரிவு கூடும். லேத்துக்காரர் எவ்வளவு சரியாக இடைவெளி விட்டாலும் அது பிடிக்கும்.

இந்தச் சோதனைகளில் எதற்கும் பெரிய கருவி தேவையில்லை. கம்ப்ரஷன் கேஜ், கைப்பம்ப், ஃபீலர் கேஜ், டார்ச், இவ்வளவுதான். ஒரத்தநாட்டிலும் திருவோணத்திலும் டூ ஸ்ட்ரோக் வேலை தெரிந்த மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். காதால் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடும் அனுபவம் அவர்களுடையது. அவர்களிடம் வண்டியை விடும்போது, "அண்ணே, பழைய பிஸ்டன எனக்குக் குடுத்துடுங்க, எந்தப் பக்கம் புடிச்சிருக்குன்னு சேந்து பாப்போம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் இன்னது என்று அவரும் நீங்களும் ஒத்துக்கொள்ளும்வரை பிளாக்கை லேத்துக்கு அனுப்பாதீர்கள்.